நோய்க்கும் பார், பேய்க்கும் பார்

"நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். பேயே இல்லை என்று அவர்கள் வாதம் செய்யவில்லை. நோயை விட்டுவிட்டு மந்திரவாதியிடம் ஓடு என்றும் சொல்லவில்லை. இரண்டையும் பார், ஆனால் நோயை முதலில் பார் என்றார்கள். சில ஊர்களில் இதையே திருப்பிப் போட்டுப் பேயை முன்னால் வைத்துச் சொல்வதும் உண்டு. மும்பையில் நம்மவர் வீடுகளில் நாற்பது ஆண்டுகளாக நான் பார்த்து வருவது பெரும்பாலும் இந்தத் திருப்பிப் போட்ட வரிசையைத்தான். அதைப் பற்றி நம் பத்திரிகையில் சில வார்த்தைகள் எழுத வேண்டும் என்பது வெகுநாள் எண்ணம்.

ரயில் பெட்டியில் ஒட்டிய ஜின்

லோக்கல் ரயிலில் போய்வரும் அன்பர்கள் அந்தச் சிறு காகிதங்களைப் பார்த்திருப்பீர்கள். "பாபா பெங்காலி" என்றோ வேறொரு பாபாவின் பெயரிலோ, கதவோரத்திலும் ஜன்னலுக்கு மேலும் ஒட்டியிருக்கும். காதல் தோல்வியா, கடன் தொல்லையா, மாமியார் மருமகள் சண்டையா, கணவன் கைமீறிப் போய்விட்டானா, வெளிநாட்டு விசா தாமதமா, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தீர்வு. கீழே ஒரு கைப்பேசி எண்.

என் காலம் முழுவதும் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் கழிந்தது. பட்டறைக்கு வரும் புறநகர் வண்டிகளில் இந்தக் காகிதங்களைச் சுரண்டி எடுப்பதே கலாசிகளுக்குத் தனி வேலை. சுத்தமாக்கி, வர்ணம் பூசி வெளியே அனுப்பினால், சில நாளில் புதிதாக ஒட்டியிருப்பார்கள். அச்சுக்கூலியும் ஒட்டுக்கூலியும் கொடுத்து ஆண்டுக்கணக்காக ஒருவர் விளம்பரம் செய்கிறார் என்றால், அதில் அவருக்கு நல்ல வரும்படி இருக்கிறது என்றுதான் பொருள். அந்த வரும்படி யார் வீட்டிலிருந்து போகிறது?

தாராவியில் தையல் மெஷின் ஓட்டும் வீட்டிலிருந்தும் போகிறது. செம்பூரில் ஓய்வூதியம் வாங்கும் வீட்டிலிருந்தும், மாட்டுங்காவில் பட்டம் படித்தவர்கள் நிறைந்த வீட்டிலிருந்தும் போகிறது. மதம் இதில் ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் ஜின்னைக் கட்டுகிறேன் என்பார். இன்னொருவர் மாடன், முனி, காட்டேரி என்பார். வேறொருவர் சாத்தான் என்பார். பெயர்தான் வேறு, கட்டணம் வாங்கும் முறை ஒன்றே. இங்கே நான் ஜின்னை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த நகரத்தில் மந்திர வியாபாரம் பெரும்பாலும் ஜின்னின் பெயரைச் சொல்லியே நடப்பதுதான். ஆனால் ஜின்னைப் பற்றி இஸ்லாமியர் அல்லாத நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாப் பூதம் மட்டுமே.

சினிமாப் பூதமும் குர்ஆன் சொல்லும் ஜின்னும்

1957-ல் வந்த "அலாவுதீனும் அற்புத விளக்கும்" படத்தில் எஸ்.வி. ரங்காராவ் பூதமாக வந்து கைகட்டி நின்றது நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1967-ல் "பட்டணத்தில் பூதம்" படத்தில் ஜாவர் சீதாராமன் ஜாடியிலிருந்து வெளியே வந்தார். அந்த "ஜீ பூம் பா" இன்றைக்கும் குழந்தைகள் வாயில் இருக்கிறது. இந்த அலாவுதீன் கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர், அலெப்போவிலிருந்து வந்த ஹன்னா தியாப் என்பவரிடம் கேட்டு எழுதிச் சேர்த்த கதை அது. விளக்கைத் தேய்த்ததும் வந்து நிற்கும் வேலைக்காரப் பூதத்தை வைத்து ஒரு மதத்தின் நம்பிக்கையை எடைபோடக் கூடாது.

இஸ்லாமிய மரபில் ஜின் என்பது மனிதனைப் போலவே இறைவனால் படைக்கப்பட்ட ஓர் இனம். மனிதன் மண்ணால் ஆனவன், ஜின் புகையில்லாத நெருப்பால் ஆனது. மனிதரைப் போலவே அவற்றுக்கும் நன்மை தீமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. அவற்றில் நல்லவையும் உண்டு, கெட்டவையும் உண்டு. இறைவனை ஏற்றவையும் உண்டு, மறுத்தவையும் உண்டு. குர்ஆனின் 72-ஆவது அத்தியாயத்துக்கே "அல் ஜின்" என்றுதான் பெயர். மறைந்திருப்பது என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல் அது. பைத்தியம் பிடித்தவனைக் குறிக்கும் "மஜ்னூன்" என்ற அரபுச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. லைலா மஜ்னு கதையில் நாயகனுக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். ஆக, மனநோயையும் ஜின்னையும் முடிச்சுப் போடும் பழக்கம் மொழியிலேயே இருக்கிறது.

ஆனால் அதே குர்ஆனில் சுலைமான் நபியின் வரலாறு ஒன்று வருகிறது. ஜின்கள் அவருக்குக் கட்டுப்பட்டுக் கட்டட வேலை செய்துகொண்டிருந்தன. அவர் கைத்தடியில் சாய்ந்தபடியே உயிர் நீத்தார். தடியைப் பூச்சி அரித்து, உடல் கீழே விழும்வரை, அவர் இறந்துவிட்டார் என்பது ஜின்களுக்குத் தெரியவில்லை. மறைவானவற்றை அறியும் சக்தி ஜின்களுக்குக் கிடையாது என்பதே இந்த வரலாறு காட்டும் பாடம் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். எதிரே நின்ற எஜமானர் இறந்ததையே அறியாத ஜின், தாராவியில் ஒரு வீட்டில் காணாமல் போன நகை எங்கே இருக்கிறது என்று பாபாவின் காதில் வந்து சொல்லுமா? குறி சொல்பவரிடம் போவதை நபிமொழிகள் கடுமையாகக் கண்டிக்கின்றன. சூனியம் செய்வது பெரும்பாவங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ரயிலில் ஒட்டியிருக்கும் பாபா, எந்த மதத்தின் பெயரால் கடை விரித்திருக்கிறாரோ அந்த மதத்துக்கே விரோதமான தொழிலைத்தான் செய்கிறார். நம்பிக்கை வேறு, வியாபாரம் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் இஸ்லாமியரைக் கேலி பேசுவது அறியாமை. நம் பக்கத்திலும் இதே கதைதான் என்பதை மறக்கக் கூடாது.

தாயத்தும் தகடும்

மக்கள் வழக்கம் என்பது மார்க்க நூலைவிட எப்போதும் விரிந்தது. தண்ணீரில் ஓதிக் கொடுப்பது, கயிற்றில் முடிச்சுப் போட்டு ஓதிக் கட்டுவது, தட்டில் குங்குமப்பூ மையால் எழுதிக் கழுவிக் குடிக்கச் செய்வது, தகட்டில் இஸ்மு எழுதித் தாயத்துக்குள் அடைப்பது என்று பலவும் நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. மாலை நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பிள்ளைக்கு ஓதி ஊதிவிடச் சொல்லி நிற்கும் தாய்மார்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருப்பதை நாம் ஊரில் பார்த்திருக்கிறோம்.

தகட்டில் எழுதும் கட்டங்கள் கணக்குப் பிரியர்களுக்குச் சுவையானவை. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை மூன்றுக்கு மூன்று கட்டத்தில், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி அடுக்குவார்கள். நான்கு மூலைகளிலும் 2, 4, 6, 8 வந்து நிற்கும். இந்த நான்குக்கும் உரிய அரபு எழுத்துக்களைச் சேர்த்து "புதூஹ்" என்று ஒரு மந்திரச் சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். இதே கட்டத்தைச் சீனரும் பழங்காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். கணக்கு அழகானது என்பதில் ஐயமில்லை. அது காய்ச்சலைத் தணிக்கும் என்பதற்குத்தான் அந்தக் கணக்கில் வழி இல்லை.

1832-ல் "கானூன் இ இஸ்லாம்" என்ற நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தென்னிந்திய முஸ்லிம்களின் பிறப்பு முதல் இறப்பு வரையான வழக்கங்களை ஜாஃபர் ஷரீஃப் என்பவர் எழுத, சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்தார். ஜின்னை அழைப்பதும் விரட்டுவதும், கட்டம் போடுவதும், புகை போடுவதும் அதில் விரிவாக இருக்கின்றன. இதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னவர் ஒரு வைத்தியர் என்பதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் நம்பிக்கை என்னவென்று அறியாமல் அவனுக்கு வைத்தியம் செய்ய முடியாது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

தில்லியில் பிரோஸ் ஷா கோட்லா என்ற 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. வியாழக்கிழமை தோறும் மக்கள் அங்கே வந்து, ஜின்களுக்கு மனு எழுதிச் சுவர் மாடங்களில் வைக்கிறார்கள். இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லை. அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுவது போலவே முகவரி, புகைப்படம் எல்லாம் வைத்து, அதையே நகல் எடுத்துப் பல மாடங்களில் வைப்பவர்களும் உண்டு. இதைப் பற்றி ஆனந்த் விவேக் தனேஜா என்ற ஆய்வாளர் 2017-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இந்த வழக்கம் நெருக்கடி நிலை முடிந்த 1977-ஐ ஒட்டித்தான் தலையெடுத்தது என்கிறார் அவர். ரயில்வேயில் மனுவுக்கு மேல் மனு எழுதிப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்காதபோதுதான் மனிதன் ஜின்னுக்கு மனு எழுதுகிறான்.

இதே உண்மை வீட்டுக்குள்ளும் உண்டு. புதிதாக மணமாகி இந்த நகரத்துக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போடும் பெண், "என்னால் முடியவில்லை" என்று சொன்னால் காது கொடுப்பார் யாரும் இல்லை. அவள் மீது ஜின் வந்து, மாமியாரைப் பெயர் சொல்லி அதட்டினால் வீடே கைகட்டி நின்று கேட்கும். தர்காக்களில் இப்படி ஆவேசம் வருவதை "ஹாஜிரி" என்கிறார்கள். இராஜஸ்தானில் மெஹந்திபூர் பாலாஜி கோயிலிலும் இதே காட்சிதான். உளவியல் அறிஞர் சுதிர் கக்கர் 1982-ல் வெளிவந்த தம் நூலில் அந்தக் கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். இவற்றையெல்லாம் வெறும் மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சரியல்ல. மாஹிமில் அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி, குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதிய பெரும் அறிஞர். அந்தத் தர்காவில் வியாழன் மாலை ஒரு நாழிகை உட்கார்ந்து எழுந்தால் மனம் இலேசாகிறது என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க நான் யார்?

எங்கே ஆபத்து தொடங்குகிறது?

தாராவியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. நெல்லைப் பக்கத்து முஸ்லிம்கள். தகப்பனார் தோல் பை தைப்பவர். 19 வயதுப் பெண் இரவில் தூங்காமல் தனக்குத்தானே பேசுவாள், சிரிப்பாள், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து ஒரு பாபாவிடம் கொண்டுபோனார்கள். அவர் மிளகாய்ப் புகை போட்டார், துடைப்பத்தால் அடித்தார், தவணை தவணையாகப் பணம் கேட்டார். தாயின் வளையல் போயிற்று, தையல் மெஷின் போயிற்று, ஒன்றரை ஆண்டும் போயிற்று. கடைசியில் மனம் உடைந்து பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனார் தகப்பனார். நானும் கூட இருந்தேன். வயதான ஆலிம். பெண்ணை உட்கார வைத்து அமைதியாக ஓதினார். பிறகு அவரிடம் சொன்னார்: "ஓதுறது என் வேலை, ஓதிட்டேன் பாய். இனி டாக்டர் வேலை இருக்கு. நாளைக்கே புள்ளய சயனுக்குக் கூட்டிப் போங்க." தகப்பனார் என் முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களும் கூட வாரீயளா?" என்றார். போனோம். சில மாத மருந்தில் அந்தப் பெண் தேறினாள். இன்று தையல் வேலை செய்கிறாள், மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளவயதில்தான் தலைகாட்டும் என்றும், எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். அந்த ஒன்றரை ஆண்டை யார் திருப்பித் தருவார்?

இதைவிடப் பெரிய விலை கொடுத்த ஊர் ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்தில், சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா அடங்கியிருக்கும் தர்காவை நாடி, எல்லா மதத்தாரும் மனநோயாளிகளைக் கொண்டுவருவது நெடுநாள் வழக்கம். தர்காவின் தண்ணீரும் விளக்கெண்ணெயும் மருந்து. குணமாகி வீடு திரும்பலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பார்கள். கூட இருந்து கவனிக்க முடியாத உறவினர்கள், அக்கம்பக்கத்தில் தனியார் நடத்திய விடுதிகளில் பணம் கட்டி விட்டுவிட்டுப் போனார்கள். தர்கா வேறு, அந்த விடுதிகள் வேறு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படிப்பட்ட ஒரு விடுதியின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கூரையில் பற்றிய தீயை ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தவர் அணைத்திருக்கலாம். கட்டிப்போட்ட சங்கிலியை அவர் என்ன செய்வார்? ரயில்வேயில் எந்த விபத்து விசாரணையிலும் கடைசித் தவற்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகமாட்டோம். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போவோம். ஏர்வாடியில் அப்படிப் போனால், தீக்கு முன்னால் சங்கிலி. சங்கிலிக்கு முன்னால் விடுதி. விடுதிக்கு முன்னால், "இவனை இனி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது" என்ற ஒரு குடும்பத்தின் களைப்பு. அதற்கும் முன்னால், "இது நோயல்ல, ஜின்" என்ற ஒரு முடிவு.

அதே மாதத்தில் ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டார்கள். நீதிபதி ராமதாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம் என்றும், அவர்களைக் கோயில், தர்காக்களுக்கு அல்ல, மருத்துவர்களிடம் அனுப்ப வேண்டும் என்றும் மக்களுக்கு எடுத்துச் சொல்லும்படி 2002-ல் அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது.

மருந்தும் துஆவும்

ஏர்வாடிக்குப் பிறகு வந்த மாறுதல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா இருக்கிறது. ஜின், சூனியம் என்று வருபவர்களுக்குப் பெயர்போன இடம். 2008 முதல் அங்கே "தவா அவுர் துஆ" என்ற திட்டம் நடக்கிறது. துஆ தர்காவில், தவா அதே வளாகத்தில் மனநல மருத்துவரிடம். பரம்பரையாகச் சேவை செய்யும் முஜாவர்களுக்கே நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்து, "ஓதியாயிற்று, பக்கத்து அறையில் டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். பிறகு ஏர்வாடியிலும் அதே முறை வந்தது. திருச்சிக்கு அருகில் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை 48 நாள் தங்க வைக்கும் வழக்கம் உண்டு. அங்கும் முறையான உரிமத்தோடு மறுவாழ்வு மையம் அமைந்திருக்கிறது.

இது புதுமை அல்ல. கெய்ரோவில் 1284-ல் கட்டிய கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. 1037-ல் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவ நூலில் மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதும்போது, இது ஜின்னால் வருகிறது என்பாரும் உண்டு என்று குறிப்பிடுகிறார். ஜின்னால் வந்தாலும் வராவிட்டாலும், உடலில் பித்தம் கெட்டுத்தான் நோய் வருகிறது, அதைச் சரி செய்வதே வைத்தியன் வேலை, பித்தத்தைக் கெடுத்தது யார் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம் என்பது அவர் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் காட்டிய இந்தத் தெளிவு இன்று நமக்கு வேண்டும். நம்பிக்கையைக் கைவிடு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வைத்தியத்தைத் தள்ளிப்போடாதே என்றார்.

எங்கள் ரயில்வே முறையும் இதுதான். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டோம், பூசணிக்காய் உடைத்தோம். ஆனால் பூசணிக்காய் உடைத்தாயிற்று என்று பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. பிரேக் பவர் சர்டிபிகேட்டில் கையெழுத்து விழாமல் வண்டி நகராது. பெட்டியில் கோளாறு இருந்தால் அதற்கு "சிக்" என்று குறித்து, வண்டியிலிருந்து கழற்றி, சிக் லைனுக்குக் கொண்டுபோவோம். "சிக்" என்று குறிப்பதால் அந்தப் பெட்டிக்கு அவமானம் எதுவும் இல்லை. பழுது பார்த்ததும் "ஃபிட்" என்று எழுதி மறுபடியும் வண்டியில் சேர்ப்போம். அதே பெட்டி பல்லாண்டு ஓடும். ஒரு மனிதனின் மனம் மட்டும் ஏன் ஒருமுறை "சிக்" ஆனதும் வம்சத்துக்கே களங்கம் என்று ஆகிவிடுகிறது? "பைத்தியம்" என்றால் பெண்ணுக்கு வரன் அமையாது, "ஜின் பிடித்தது, இறக்கிவிட்டோம்" என்றால் ஊர் மன்னித்துவிடும். பல குடும்பங்கள் பாபாவிடம் போவது ஜின்னை நம்பி மட்டும் அல்ல, இந்த மன்னிப்பை நம்பியும்தான்.

சில சாதாரண உண்மைகள் தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். நள்ளிரவில் விழிப்பு வந்து, கைகால் அசையாமல், மார்பின் மேல் யாரோ அமர்ந்திருப்பது போல் தோன்றுவதை நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடலின் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படித் தோன்றும். சற்று நேரத்தில் தானே போய்விடும். வலிப்பு என்பது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. பிரசவமான சில நாட்களில் தாய்க்குப் புத்தி தடுமாறினால் அது அவசர சிகிச்சை வேண்டிய நோய், உடனே சிகிச்சை செய்தால் நன்றாகக் குணமாகும். அந்த வேளையில் மிளகாய்ப் புகை போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து.

சட்டமும் இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மகாராஷ்டிரத்தில் டாக்டர் நரேந்திர தாபோல்கர் பல்லாண்டு போராடிக் கேட்ட சட்டம், 2013 ஆகஸ்ட் 20-ல் அவர் புனாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஆண்டிலேயே நிறைவேறியது. பேய் விரட்டுகிறேன் என்று அடிப்பதும், கட்டிவைப்பதும், புகை போடுவதும் அதன்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வழிபாட்டையும் யாத்திரையையும் அந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

"டாக்டரிடம் போனால் மட்டும் குணமாகிவிடுகிறதா? வருஷக்கணக்கில் மாத்திரைதானே?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா மனநோயும் முழுவதும் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுகிறோம், அதற்காக யாரும் மாத்திரையை விட்டுவிட்டுத் தாயத்துக் கட்டிக்கொள்வதில்லை. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், மனநலக் குறை உள்ளவர்களில், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 100-க்கு 70 பேருக்கு மேல் சிகிச்சையே எட்டவில்லை என்று தெரிந்தது. மருந்து தோற்றுப்போனது என்று சொல்லும் முன், அது எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனியான ஒரு தடை இருக்கிறது, அது மொழி. கால் உடைந்தால் கையால் காட்டினால் போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும். மனம் உடைந்தால் பேசித்தான் ஆக வேண்டும். ஊரிலிருந்து வந்து பத்தாண்டு ஆனாலும், காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு மட்டும் இந்தி தெரிந்த நம் பெண்கள், தங்கள் மனக்குறையை இந்தியிலும் மராத்தியிலும் எப்படிச் சொல்வார்கள்? புறநோயாளிகள் பிரிவில் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது, கூட வந்த கணவன்தான் மொழிபெயர்ப்பாளன். அவன் அடிக்கிறான் என்பதை அவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பூசாரியோ, தமிழ் பேசும் மந்திரவாதியோ, பாயில் உட்கார வைத்து, "என்ன தாயீ, என்ன கஷ்டம்?" என்று தமிழில் கேட்கிறார். பாதி வெற்றி அந்தக் கேள்வியிலேயே அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டும்.

எனவே சங்கத்தின் செயற்குழுவுக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" தொலைபேசிச் சேவை. எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைத் தமிழில் அச்சடித்துத் தாராவியின் பள்ளிவாசல்கள், கோயில்கள், மாதா கோயில்கள், ரேஷன் கடைகள் எல்லாவற்றின் அறிவிப்புப் பலகையிலும், அந்தந்த நிர்வாகிகளின் சம்மதத்தோடு ஒட்ட வேண்டும். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887-லிருந்தும், பிள்ளையார் கோயில் 1913-லிருந்தும் நம் தமிழ் மக்களின் சுகதுக்கங்களைப் பார்த்தவை. அந்த வாசல்களில் ஒட்டும் அறிவிப்புக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் வராது. பாபா ரயிலில் ஒட்டுகிறார், நாம் இங்கே ஒட்டுவோம்.

இரண்டாவது, துணைக்குப் போகும் தொண்டர்கள். சயன், கே.ஈ.எம். போன்ற மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கவும், வரிசையில் கூட நிற்கவும், அடுத்த தேதியை நினைவூட்டவும் சிலர் வேண்டும். பெண்களுக்குத் துணையாகப் பெண்களே வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாத நாக்கு இருக்க வேண்டும், அது ஒன்றே தகுதி. நம்மில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், நான்கு மொழியும் தெரிந்து, காலையில் பூங்காவில் அரசியல் பேசிவிட்டு, மாலைவரை பொழுது போகாமல் இருக்கிறோம்! வாரத்தில் ஒரு காலை கொடுத்தால் போதும்.

செயற்குழு பெயர்ப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். எந்தக் கிழமை ஆனாலும் எனக்குச் சம்மதமே.